மோட்டார் நின்ற நேரம்

கல்கத்தா
4-1-1970

அன்பும் மதிப்பும் நிறைந்த அத்தைக்கு,

நாகவல்லி வணங்கி எழுதுவது. இங்கே நானும் அத்தானும் சுகமாக இருக்கிறோம். அத்தானுக்கு இந்த மாதம் காலை ஷிப்ட் என்பதால் சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டீர்களா?

ஓர் உதவி வேண்டும். கல்யாணத்துக்கு முன் நான் எம்.எஸ்ஸி. படித்தபோது, "படிப்பு முடிந்ததா, இன்னும் மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டீர்கள். மிச்சம் இருக்கிறது என்றேன். அந்த மிச்சம்தான் இது. உற்பத்தி நிர்வாகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்து மூன்று வருடம் ஆகிறது. வரும் டிசம்பரோடு பதிவு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

என் பொருள் காத்திருத்தல். ஓர் இயந்திரம் இருக்கிறது. அதனிடம் வேலை வாங்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா? கணிதம் எழுதிவிட்டேன். அது உண்மையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, ஒருவர் நேரில் பார்த்து எழுதிய நேரங்கள் வேண்டும். கூடப் படிப்பவர்கள் பெரிய தொழிற்சாலைகளில் வாங்கியிருக்கிறார்கள். எனக்கு நம் அரவை மில்தான் நினைவுக்கு வந்தது. ஒரே இயந்திரம், ஒருவர் நெல்லை முடித்துத்தான் அடுத்தவர் நெல். மாடி ஜன்னலில் இருந்து எல்லாம் தெரியும். தை அறுவடை முடிந்ததும் கூட்டம் வரும். நாற்பது நாள் உட்கார்ந்து எழுத, நம்பகமான ஒருவரை அமர்த்தித் தர முடியுமா?

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
நாகவல்லி


நாச்சியாபுரம்
19-1-1970

நாகவல்லிக்கு அத்தை மலையம்மாளின் ஆசி.

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. தைலத்தின் வாசனை எனக்குப் பிடிக்கவில்லை. செக்காலையில் உன் அப்பா, என் அண்ணன், சுகம். போன வெள்ளிக்கிழமை வந்து போனார்.

நம்பகமான ஒருவர் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உன் மாமா காலமான பிறகு பதினொரு வருடமாக இந்த மில்லை நடத்துகிறவளுக்கு அப்படி எழுதியிருக்க வேண்டாம். நானே எழுதுகிறேன்.

கான்வென்டில் எங்களுக்கு சிஸ்டர் ஆக்னஸ் என்று ஒருவர் இருந்தார். செடி முளைப்பதைத் தினமும் பார்த்து எழுதச் சொல்வார். நான் ஒருநாள் பார்க்காமலே இரண்டு இலை என்று எழுதிவிட்டேன். அன்று முளைத்தது ஒரு இலை. பெஞ்சு மேல் ஏற்றி, "பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே" என்று நூறு முறை எழுத வைத்தார். அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தவறு நேர்ந்ததில்லை.

தாளில் நான்கு பத்தி கோடு போட்டிருக்கிறேன்: பெயர், வந்த நேரம், அரைக்கத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம். சுவர்க் கடிகாரத்தைக் காலையில் ரேடியோ மணிக்குச் சரி செய்துகொள்வேன். "வந்த நேரம்" எது என்று நீ விளக்கவில்லை. தெருமுனையில் தலை தெரிவதா, வாசலுக்கு வருவதா? வண்டியோ ஆளோ வரிசையில் வந்து நின்ற நிமிடத்தையே வந்த நேரமாக வைக்கிறேன். மோட்டார் ஓடத் தொடங்கிய நேரம், நின்ற நேரம் இரண்டையும் தினமும் தாளின் தலையில் எழுதுவேன். நீ கேட்கவில்லை. ஆனால் அது இல்லாமல் தாள் முழுமையாகாது.

உடையப்பனிடம் தாய்க்கு எழுதக் கை வலிக்கிறதா என்று கேள்.

மலையம்மாள்


கல்கத்தா
14-4-1970

அன்புள்ள அத்தைக்கு,

புது வருடத்தன்று உங்களை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே வேப்பம்பூ கிடைக்கவில்லை. அத்தானுக்கு அது ஒரு குறை. மற்றபடி நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நாற்பது தாளும் வந்து சேர்ந்தன. பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கோடுகளையும் எண்களையும் பார்த்து, "இதை எழுதியவர் யார்?" என்று இரண்டு முறை கேட்டார். கானாடுகாத்தான் கல்யாணத்துக்குப் போன நாளில், "இன்று நான் ஊரில் இல்லை" என்று ஒரே வரி எழுதிக் கோடு அடித்திருக்கிறீர்களே, அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார். என் மாமியார் என்று சொன்னேன். என் கூடப் படிக்கிற பையன்களுக்கெல்லாம் இப்படி ஒரு மாமியார் வேண்டுமாம்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நான் தவறாகப் படித்திருக்கலாம். மோட்டார் காலை ஏழு மணிக்கு ஓடத் தொடங்குகிறது. முதல் வண்டி ஏழு நாற்பதுக்கு. அந்த நாற்பது நிமிடம் இயந்திரத்தை ஓட்டிச் சரிபார்க்கும் நேரம் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் சாயங்காலம்? உதாரணமாகப் பிப்ரவரி ஒன்பதாம் தேதி. வந்தவர்கள் முப்பத்தொருவர். கடைசி ஆள் மூன்று நாற்பதுக்கு முடித்துவிட்டார். மோட்டார் நின்றது ஐந்து ஐம்பதுக்கு. இடையில் இரண்டு மணி பத்து நிமிடம் இயந்திரம் எதை அரைத்தது?

முப்பத்தாறு நாள் இப்படி இருக்கிறது. சில தாள் தபாலில் விழுந்துவிட்டதோ என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. சிரமம் பாராமல் விளக்க வேண்டும்.

உங்கள்
நாகவல்லி


நாச்சியாபுரம்
25-4-1970

நாகவல்லிக்கு,

இங்கு யாவரும் சுகம். தாள் எதுவும் தொலையவில்லை. வரிசையில் வந்து நின்ற ஒவ்வொருவரையும் எழுதியிருக்கிறேன். ஒருவர்கூட விடுபடவில்லை. மோட்டார் நின்ற நேரமும் சரி. நான் எழுதியதில் பிழை இருப்பதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. உன் கணிதத்தில் இருக்கலாம். அதைப் பார்.

மலையம்மாள்


கல்கத்தா
3-8-1970

அன்புள்ள அத்தைக்கு,

மே மாதம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். ஜூனில் ஒன்று. பதில் இல்லை. இங்கே அடிக்கடி கடையடைப்பு, ஊர்வலம். தபால் ஒழுங்காகப் போவதில்லை. அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அப்பா எழுதிய பிறகுதான் நிம்மதி வந்தது.

உங்கள் தாளில் பிழை என்று நான் சொல்லவில்லை அத்தை. அதில் பிழையே இல்லை என்பதுதான் என் தொல்லை. என் கணிதத்தை மூன்று மாதம் பார்த்தேன். அதுவும் சரியாக இருக்கிறது. இரண்டும் சரி, ஆனால் ஒன்றோடொன்று சேரவில்லை.

போன வாரம் பேராசிரியர் ஒரு வழி சொன்னார். அந்தச் சாயங்கால நேரத்தை "பழுது பார்த்தல்" என்று குறித்துத் தள்ளிவிட்டால் மீதி எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. அக்டோபரில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம், டிசம்பருக்குள் பதிவும் பிழைக்கும். எல்லோரும் செய்வதுதான் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அந்த இரண்டு வார்த்தையை எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. தினமும் இரண்டு மணி நேரம் பழுதாகிற இயந்திரத்தை நீங்கள் பதினொரு வருடம் வைத்திருப்பீர்களா?

தாள்களை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். மூன்று நாற்பது, ஐந்து ஐம்பது என்றதும் எழுந்து பால்கனிப் பக்கம் போய் நின்றுகொண்டார். "என்ன?" என்றேன். "ஒண்ணும் இல்ல. டிராம் சத்தம். நீ எங்காத்தாவுக்கு இனிமே இதப் பத்தி எழுதாத," என்றார்.

எழுதிவிட்டேன். இந்த மாத முடிவு வரை காத்திருப்பேன். அதற்கு மேல் பேராசிரியர் சொன்ன வார்த்தையை எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

உங்கள் நலத்தையே வேண்டும்,
நாகவல்லி


நாச்சியாபுரம்
29-8-1970

நாகவல்லிக்கு அத்தையின் ஆசி.

உன் மூன்று கடிதமும் கிடைத்தன. தபால் மேல் குற்றம் இல்லை.

முழங்கால் தேவலை. இது மழைக்காலத்துக்கு முந்தின மாதம். மில் வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடுகிறது. உன் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்த மறுநாள் மாடியில் போய் உட்கார்ந்தேன். கோடு போட்டு எழுதினேன். வரிசை ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. வழக்கம்போலப் பேனாவை மூடினேன். வரிசை முடிந்தால் நான் பேனாவை மூடிவிட்டுக் காப்பி குடிக்கக் கீழே இறங்கிவிடுவேன். மோட்டார் நிற்கும் சத்தம் அடுப்படியில் கேட்கும். அப்போது மணி பார்த்து மேலே வந்து தாளின் தலையில் குறிப்பேன். ஊரில் இருந்த நாளெல்லாம் அப்படித்தான் செய்தேன். அன்று இறங்கவில்லை.

மில்லுக்கு மேற்கே புளியமரம் இருக்கிறதல்லவா, அதன் அடியில் இருந்து பதினொரு பேர் எழுந்து வந்தார்கள். எல்லோரும் கிழக்குத் தெருக்காரர்கள். தலைச்சுமையாகக் கொண்டுவந்த நெல். வண்டிக்காரர்கள் எல்லோரும் முடித்துப் போன பிறகு அவர்கள் நெல்லை அரைப்பது இந்த மில் கட்டின நாளில் இருந்து உள்ள வழக்கம். என் மாமனார் வைத்தது. அவர்கள் வரிசையில் நிற்பதில்லை, நிற்க விடுவதும் இல்லை. வரிசையில் நின்றவர்களை எழுதுவேன் என்றேன். எழுதினேன்.

நான் மில்லுக்குள் போனதைப் பார்த்து மேஸ்திரி தங்கச்சாமி ஓடி வந்தான். தாளைக் கையில் பார்த்ததும், "இவுகளையும் எழுதப் போறீகளா ஆத்தா? இவுக வரிசை இல்லையே. மிச்ச நேரத்துல அரைச்சுக்கிட்டுப் போறவுக," என்றான். எட்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

சோணைமுத்துவின் மனைவி கருப்பி முன்னால் நின்றாள். எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்டேன். "கோழி கூப்பிட வந்தது ஆத்தா. மணியெல்லாம் நீங்கதான வச்சிருக்கீக," என்றாள். கேலியாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். தை மாதத்தில் மரத்தடியில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று கேட்டேன். பதினைந்து, இருபது என்றார்கள். ஆறு மணிக்கு மேல் மோட்டார் ஓட்ட அனுமதி இல்லை; அதற்குள் முடியாதவர்கள் நெல்லைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய் மறுநாள் வருவார்களாம். இதையும் அன்றுதான் கேட்டேன். என் வீட்டு வாசலுக்கு எதிரே நடப்பது.

ஆகவே நான் அனுப்பிய நாற்பது தாளும் தவறு. ஒரு தாள்கூடச் சரியில்லை. அவர்கள் வந்த நேரத்தை நான் பார்க்கவில்லை. காலை ஐந்து, ஐந்தரை என்று உத்தேசமாகப் போட்டு நிரப்பித் தரமாட்டேன். "பழுது பார்த்தல்" என்று நீயும் எழுதாதே. என் இயந்திரம் பழுதானதில்லை.

தையில் மறுபடி எழுதுகிறேன். உன் பதிவு டிசம்பரில் முடிகிறது என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு நான் சொல்லக்கூடியது எதுவும் இல்லை.

மலையம்மாள்


கல்கத்தா
24-9-1970

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்த அன்று இங்கே மின்சாரம் இல்லை. பால்கனி வெளிச்சத்தில் நின்று படித்தேன். பிறகு அத்தானிடம் கொடுத்தேன். படித்து முடித்து மடித்துக் கொடுத்தார். "உங்களுக்கு இது தெரியுமா?" என்றேன். "தெரியும்," என்றார்.

மறுநாள் எனக்கே ஒன்று தோன்றியது. கல்யாணமான வருடம் மூன்று மாதம் நான் அந்த மாடியில்தான் இருந்தேன். தலை உலர்த்த அதே ஜன்னலில்தான் உட்காருவேன். புளியமரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதில் கிளி வருவதுகூட. அடியில் ஆட்கள் இருந்த நினைவு இல்லை. பிறகு நான் யாரைக் கேட்பது?

பேராசிரியரிடம் போய், ஆய்வேட்டை இந்த வருடம் கொடுக்க முடியாது என்றேன். காரணம் சொன்னேன். "முதலில் வந்தவருக்கு முதலில் வேலை என்று எடுத்துக்கொண்டுதான் உன் கணிதம் முழுவதும் இருக்கிறது. இனி அதையும் மாற்ற வேண்டும், தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். ஒரு வருட நீட்டிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் நான்கு வருடம் போனதுதான்.

நீங்கள் தையில் எழுதுங்கள். எனக்குப் பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தாள்கள் வேண்டும்.

நாகவல்லி


நாச்சியாபுரம்
28-2-1971

நாகவல்லிக்கு அத்தையின் ஆசி.

நீட்டிப்புக் கிடைத்தது என்று உன் அப்பா சொல்லக் கேட்டேன். நல்லது. எனக்குச் சுகக்குறைவு எதுவும் இல்லை.

இத்துடன் முப்பத்தைந்து தாள். இம்முறை மாடியில் உட்காரவில்லை. ஜன்னலில் இருந்து மரத்தடிக்கு வருகிறவர்களின் முகம் தெரியாது. மில் வாசலில் நாற்காலியும் மேசையும் போட்டு, காலை ஐந்து மணிக்கே போய்விடுகிறேன். தெருவில் போகிறவர்கள் என் மண்டைக்கு ஏதோ ஆகிவிட்டது என்கிறார்கள். குளிர்தான் கொஞ்சம் அதிகம்.

முதல் ஏழு தாள் பழைய வழக்கப்படி நடந்ததை எழுதியது. உனக்கு ஒப்பிட வேண்டியிருக்கும். அதில் ஆறாம் நாளைப் பார். கருப்பி, வந்தது 5.20, அரைத்தது 4.35. பதினொரு மணி பதினைந்து நிமிடம். இது என் கையெழுத்தில் இருக்கிறது. எட்டாம் நாள் காலை தகரத்தில் எண் அடித்துக் கம்பியில் கோத்து வாசலில் மாட்டினேன். வருகிறவர் வருகிற வரிசையில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியது. எட்டாம் தாளில் இருந்து பெயருக்கு முன்னால் அந்த எண் இருக்கும்.

பெரிய வீட்டுப் பொன்னழகுவின் வண்டிக்கு ஒன்பதாம் எண் வந்தது. முன்னால் சோணைமுத்துவுக்கு எட்டு. பொன்னழகு தகரத்தை என் மேசை மேல் வைத்துவிட்டு, "இந்த மில்லுலதான் அரைக்கணும்னு எங்கப்பன் எழுதியா வச்சிட்டுப் போயிருக்காக? செக்காலையில மில்லே இல்லையா?" என்று வண்டியைத் திருப்பிவிட்டார். அவர் உன் மாமாவுக்குச் சித்தப்பா மகன் முறை. எண் 9, வந்தது 8.20, அரைக்காமல் போனது 8.25 என்று எழுதியிருக்கிறேன். அதற்கு உன் கணிதத்தில் இடம் உண்டா என்று எனக்குத் தெரியாது. நடந்தது அது.

மற்றவை தாளில் உள்ளன.

மலையம்மாள்


கல்கத்தா
15-3-1971

அன்புள்ள அத்தைக்கு,

தாள்கள் கிடைத்தன. நீங்கள் எழுதாததையும் தாளில் படித்துவிட்டேன். எட்டாம் நாள் வந்தவர்கள் நாற்பத்தாறு. பதினைந்தாம் நாள் முப்பது. இருபதாம் நாள் இருபத்திரண்டு. கடைசித் தாளில் பத்தொன்பது. அதில் பதினாறு பேர் கிழக்குத் தெரு. வண்டிகள் மூன்றுதான். மோட்டார் பகல் பன்னிரண்டுக்கே நின்றுவிட்டது.

இது என்னால் வந்தது. வரிசையை எழுதித் தாருங்கள் என்றுதான் கேட்டேன், மாற்றித் தாருங்கள் என்று கேட்கவில்லை. எனக்கு வேண்டிய அளவு தாள்கள் வந்துவிட்டன. இனி எழுத வேண்டாம். உங்களுக்கு எது சௌகரியமோ அப்படி மில்லை நடத்துங்கள். யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள். கோயில் காரியத்துக்கு இந்த வருடம் உங்களைக் கூப்பிடவில்லை என்று அப்பா எழுதியிருந்தார். நீங்கள் அதை எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகவல்லி


நாச்சியாபுரம்
26-3-1971

நாகவல்லிக்கு,

சுகம். உன் ஆராய்ச்சிக்காக மில்லை மாற்றினேன் என்று நீ எண்ணிக்கொண்டிருந்தால் அது தவறு. என் மில்லை எப்படி நடத்துவது என்று நான் யாரையும் கேட்டதில்லை. உன்னையும் கேட்கமாட்டேன். தாள் தொடர்ந்து வரும்; எழுதி முடித்தால்தான் முடித்தது. நீ உன் கணிதத்தைப் பார்.

மலையம்மாள்


கல்கத்தா
10-1-1972

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் பாதம் தொட்டு எழுதுகிறேன். நேற்று என் வாய்மொழித் தேர்வு நடந்தது. பட்டம் உண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். அத்தான் ஒரு பெரிய மீனை வாங்கிக்கொண்டு வந்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். உங்களுக்கு முதலில் எழுத வேண்டும் என்று மீனை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுவதும் உங்கள் தாள்கள்தான். முறை மாறினால் காத்திருக்கும் மொத்த நேரம் எவ்வளவு, அது யார் யார் மேல் எவ்வளவு விழுகிறது என்பதுதான் அத்தியாயம். இயந்திரம் அதேதான், நெல் அதேதான், மொத்த நேரமும் ஏறக்குறைய அதேதான் அத்தை. யார் தலையில் இறக்குகிறோம் என்பது மட்டும்தான் வேறு. பொன்னழகு மாமா போன ஐந்து நிமிடத்துக்கும் இடம் இருந்தது. அதற்கு இந்தப் படிப்பில் ஒரு பெயரே இருக்கிறது.

பம்பாயில் இருந்து வந்த தேர்வாளர் வயதானவர், கண்டிப்பானவர். இரண்டு மணி நேரம் கேட்டார். கடைசியில் முதல் தாளை எடுத்து, "எல்லாம் சரி. மோட்டார் ஏழு மணிக்கு ஓடுகிறது. ஒன்றாம் எண் ஏழு நாற்பதுக்கு. தகரத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. இந்த நாற்பது நிமிடம் என்ன?" என்றார். இயந்திரத்தைச் சரிபார்ப்பது என்றேன். "இருக்கலாம். ஆனால் நான் இன்னொன்று தேடினேன். இத்தனை தாளில் மில்காரர் பெயர் ஒரு நாள்கூட இல்லை. அவர்கள் வீட்டில் சோறு பொங்குவதில்லையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தேர்வு முடிந்துவிட்டது. அதனால் இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. சிரிப்பதற்காகத்தான் எழுதினேன்.

மாசியில் இருவரும் ஊருக்கு வருகிறோம். உங்களுக்கு என்ன கொண்டுவரட்டும்? தைலம் தவிர.

உங்கள்
நாகவல்லி


நாச்சியாபுரம்
30-1-1972

டாக்டர் நாகவல்லிக்கு அத்தையின் ஆசி.

உறையில் உன் பெயருக்கு முன்னால் இப்படி எழுதியதைப் போஸ்ட்மாஸ்டர் பார்த்துவிட்டு, கல்கத்தாவில் உன்னிடம் ஊசி போட்டுக்கொள்வார்களா என்று கேட்டார். அரவை மில்லுக்கு டாக்டர் என்றேன். மீனை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. எனக்கு எதுவும் கொண்டுவர வேண்டாம். கோடு போட்ட தாள் இங்கே முரடாக இருக்கிறது. அது இரண்டு கட்டு கொண்டுவா.

உன் தேர்வாளருக்குப் பதில் எழுத அவசியம் இல்லை என்று நீ எழுதியிருக்கக் கூடாது. கேட்டுச் சொல்கிறேன் என்று சபையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்.

காலை ஏழு மணிக்கு மோட்டாரை ஓட்டி, இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் நம் வீட்டு நெல்லைப் போடுவது வழக்கம். நம் வீட்டுக்கு வேண்டாத நாளில் பங்காளி வீடுகளுக்கு. யாரும் கேட்டதில்லை. பின்கட்டு வழியாக மூட்டை போகும், அந்த வழியாகவே அரிசி வரும். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். வாசல் வழியாக வந்தவர்களைத்தான் எழுதினேன். மறுபடியும் அதே தவறு. கடைசியில் நின்றவர்களைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. நிற்காமலே போனவர்கள் என் வீட்டிலேயே இருந்ததால் இரண்டு வருடம் ஆயிற்று. பம்பாய்க்காரர் கண்டிப்பானவர் என்றாய். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நேற்று நம் வீட்டு மூட்டையை முன்வாசல் வழியாகக் கொண்டுபோகச் சொன்னேன். தங்கச்சாமி, "வேணாம் ஆத்தா, பாக்குறவுக என்ன நெனைப்பாக? நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்," என்று கையைப் பிசைந்தான். எழுதும் வேலையை அன்றைக்கு அவனிடம் கொடுத்துவிட்டு நான் எண்ணை எடுத்துக்கொண்டு மூட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்காருவதைவிட மூட்டை மேல் உட்காருவது முழங்காலுக்கு நல்லது என்று தெரிந்தது.

எனக்கு முன்னால் கருப்பி. அவள் என் தகரத்தை எட்டிப் பார்த்தாள். "இருபத்தாறா? அடடா. மணி வச்சிருக்கவுக, கோழி கூப்பிட வந்திருக்கலாம்ல ஆத்தா?" என்றாள். இம்முறை கேலி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுற்றி இருந்தவர்கள் சிரிப்பை அடக்கவும் இல்லை. எனக்குப் பின்னால் வண்டியில் இருந்தபடி பொன்னழகுவும் சிரித்தார். அவர் போன ஐப்பசியில் இருந்து இங்கேதான் வருகிறார். செக்காலை மில்லில் நொய் அதிகமாம். வேறு காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் தேர்வாளருக்கு இதை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பு:

29-1-1972. மோட்டார் ஓடத் தொடங்கியது 7.00. எண் 1 அரைக்கத் தொடங்கியது 7.00.

எண் 25, கருப்பி: வந்தது 9.05, அரைத்தது 1.40.
எண் 26, மில்காரர் வீடு: வந்தது 9.10, அரைத்தது 1.50. காத்திருந்தது நான்கு மணி நாற்பது நிமிடம்.
எண் 27, பொன்னழகு: வந்தது 9.15, அரைத்தது 2.05.

கடைசி எண் 38, முடிந்தது 4.55. மோட்டார் நின்றது 4.55.

மாசியில் வரும்போது ரயில் நேரத்தை முன்கூட்டியே எழுது. காரைக்குடி ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புகிறேன். என்னைக் காக்க வைக்காதே.

மலையம்மாள்